வீட்டுச் சாமான்களும் ஜாதியும்

(பொன்மலையில் ஒரு வாழ்க்கை ஒப்பந்த விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு நடந்த வாழ்க்கை ஒப்பந்தத்தை எல்லோரும் பார்த்தீர்கள். புரோகிதன் இல்லை, ஓமம் இல்லை, யாருக்கும் அர்த்தமாகாத மந்திரம் இல்லை. மணமகளும் மணமகனும் தங்கள் சொந்த வாயால், சொந்த பாஷையில் சம்மதம் சொல்லி மாலை மாற்றிக் கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், காரியம் முடிந்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்தின்படி இது செல்லுபடியாகும் திருமணமாகும். ஆகையால் இம்முறை சரியா தப்பா என்பதைப் பற்றி, அதுவும் பொன்மலையில், தொழிலாளர்கள் நிறைந்த கூட்டத்தில், இன்னமும் விளக்கிக் கொண்டிருக்க வேண்டிய அவசியம் இருப்பதாக நாம் கருதவில்லை.

நிற்க, இன்று நாம் பேசப் போவது கட்டில், பாய், சட்டி, பானை இவற்றைப் பற்றியாகும். "இதென்ன, பகுத்தறிவுப் பிரசாரத்துக்குக் கூப்பிட்டால் இவர் சாமான் கடைக்காரர் மாதிரிப் பேசுகிறாரே" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லுகிறோம்.

இரண்டு மாதத்துக்கு முன் மணமகளின் தகப்பனார் நம்மிடம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, மேஜை, நாற்காலி, பாய், ஜமக்காளம், மண் சட்டிகள், முறம், கூடை என்று அதில் எழுதியிருந்தது. இது சீர்வரிசை அல்ல. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குகிற கொள்ளையும் அல்ல. பெண்ணும் சம்பாதிக்கிறார், பிள்ளையும் சம்பாதிக்கிறார். இருவரும் சரிபாதி போட்டுக் குடித்தனம் துவக்குகிறார்கள். அந்தத் தகப்பனார் நம்மைக் கேட்டார்: "புரோகிதனை நிறுத்தியாகிவிட்டது. நாள், நட்சத்திரம் பார்க்கவில்லை. இந்தச் சாமான் வாங்குவதில் நம் கொள்கைக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? அல்லது எங்கே மலிவோ அங்கே வாங்கிவிடலாமா?"

தோழர்களே! இத்தனை வருஷமாக மேடையில் பேசி வந்தும் அந்தக் கேள்விக்கு நம்மிடம் அன்று பதில் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை. சரி, கூடவே போய்ப் பார்ப்போம் என்று புறப்பட்டோம்.

கடையில் கண்டது

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வாசலில் மாலை போட்ட சாமி படம். ஒரு தேக்குக் கட்டில் நன்றாக இருந்தது. விலைச் சீட்டில் 31,000 ரூபாய் என்று இருந்தது. "இது யார் செய்தது?" என்று கேட்டோம். "கம்பெனி சரக்கு" என்றார் கடைக்காரர். "எந்தக் கம்பெனி?" என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குக் கட்டில் வேண்டுமா, கம்பெனி வேண்டுமா?" என்றார். கேள்வி நல்ல கேள்விதான்!

வெளியே வந்ததும் வாசலில் நின்றிருந்த சுமை ஆட்டோக்காரர் ஒருவர் நம் சட்டையைப் பார்த்து இன்ன கட்சி என்று தெரிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அந்தக் கட்டில் எங்கே செய்கிறதென்று எனக்குத் தெரியும். நான்தான் ஏற்றிக்கொண்டு வருகிறேன்." ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே அந்தக் கட்டிலுக்குத் தம்பிக் கட்டில் பாதி வேலையில் கிடந்தது.

அந்தப் பட்டறையின் சொந்தக்காரர் ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த தோழர். தகப்பனார் வயல் வேலை செய்தவர். இவர் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு வேலை கற்றவர். அவரிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவர் முஸ்லிம் பையன். பாலிஷ் வேலையும் கணக்கு வேலையும் அவருடைய துணைவியார் செய்கிறார். கட்டிலை அவர் கடைக்குக் கொடுப்பது 14,000 ரூபாய்க்கு. மரம், கூலி, மின்சாரம், வண்டிச் சத்தம் போக அவர் கையில் நிற்பது 2,000 ரூபாய். கடையில் அது 31,000 ரூபாய்.

"நீங்களே ஒரு கடை போட்டு, வாசலில் உங்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்து விற்கக் கூடாதா?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இரண்டு மாதமாக நம் மனதை விட்டுப் போகவில்லை.

"ஐயா, என்னுடைய சரக்கில் அதிகம் ஓடுவது பூஜை அலமாரிதான். பிள்ளையார், லட்சுமி எல்லாம் செதுக்கித் தருகிறேன். ஒரு தடவை ஒரு வீட்டில் நேராக ஆர்டர் எடுத்து, நானே கொண்டுபோய்ப் பொருத்தப் போனேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னேன். 'வாசலிலேயே இறக்கி வைத்துவிடு, நாங்கள் உள்ளே தூக்கிக் கொள்ளுகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். நான் போன பிறகு அலமாரிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்களாம். அதற்குப் பிறகு நான் பெயர்ப்பலகை வைக்கவில்லை."

தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! மரத்துக்குள்ளிருந்து பிள்ளையாரை வெட்டி வெளியே எடுத்த கை தீட்டு. அந்தக் கையால் வெட்டப்பட்ட பிள்ளையார் தீட்டில்லை! மஞ்சள் தண்ணீரால் தீட்டுப் போய்விடுமானால் அந்தத் தண்ணீரை அந்தத் தோழர் தலையில் தெளித்து உள்ளே கூப்பிட்டிருக்கலாமே! அதைச் செய்யமாட்டார்கள். ஏனென்றால் தீட்டு என்பது தண்ணீரால் போகிற சங்கதி அல்ல. ஒருவனுடைய உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு, அவனை வெளியே நிறுத்தி வைப்பதற்காகக் கண்டுபிடித்த தந்திரத்துக்குத்தான் தீட்டு என்று பெயர். வெளியே நிற்கிறவன் தன் பெயரைச் சொல்ல முடியாது. பெயர் சொல்ல முடியாதவன் விலை சொல்ல முடியாது. அவன் சொல்லவேண்டிய விலையை இன்னொருவன் சொல்லுகிறான். 14,000-க்கும் 31,000-க்கும் நடுவில் இருக்கிற பணத்தில் கடை வாடகை எவ்வளவு, விளக்குச் செலவு எவ்வளவு என்று கணக்குச் சொல்லுவார்கள். சொல்லட்டும். ஆனால் அதில் ஜாதிக்கு உரிய பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டான்.

பொருள் உள்ளே, செய்தவர் வெளியே

இது ஒரு கொட்டகையின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானையும் எடுத்துக்கொண்டு விசாரித்தால் இதே கதைதான் வரும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் இருக்கிறது. அங்கே ரங்கநாதருக்குத் தளிகை செய்வது புது மண்பானையில். பழைய பானை ஆகாதாம். நல்லது, குயவருக்கு வியாபாரம் நடந்தால் நமக்குச் சந்தோஷமே. ஆனால் பானை மடைப்பள்ளிக்குள் போகிறது. பானையை வனைந்தவர் மடைப்பள்ளிக்குள் போக முடியுமா? களிமண்ணை மிதித்த கால், சக்கரத்தைச் சுற்றிய கை, சூளையில் வெந்த உடம்பு எல்லாம் வெளியே. வெந்த பானை மாத்திரம் உள்ளே.

முறம், கூடை கட்டுகிற குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கட்டிய முறத்தில் புடைக்காத அரிசி இந்த ஜில்லாவில் எந்த வீட்டு உலையிலும் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் இந்த மாகாணத்தில் பதிவு செய்து, ஊரை விட்டு ஊர் போகப் போலீசில் சொல்லிவிட்டுப் போகும்படி வைத்தார்கள். 1952-ல்தான் அந்தக் கொடுமை தேசம் முழுவதிலும் சட்டப் புத்தகத்தை விட்டு ஒழிந்தது. சட்டப் புத்தகத்தை விட்டு ஒழிந்ததே தவிர, மூங்கில் கூடையோடு வருகிறவளைக் கண்டால் வீட்டுக் கதவைச் சாத்துகிற புத்தி ஒழிந்ததா?

பாய்க்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் லப்பை முஸ்லிம் குடும்பங்களில், பெரும்பாலும் பெண்கள், பாய் நெய்கிறார்கள். கோரையை அறுத்து, கிழித்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் நூல்போலக் கிழித்து, பருத்தியிலோ பட்டிலோ பாவு போட்டு நெய்கிறார்கள். பட்டுத்துணி போல மடிக்கலாம். கல்யாணப் பாய் என்று சொல்லி, மணமக்கள் பெயரையே பாயில் நெய்து கொடுக்கிறார்கள். இந்து வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தப் பாய் போகிறது. எவ்வளவு நல்ல சங்கதி! முஸ்லிம் பெண் ஒருத்தி தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இந்து மணமக்கள் பெயரை எழுத்தெழுத்தாக நெய்கிறாள். ஆனால் அந்தப் பாயில் அவள் பெயர் எங்கே? அதில் உட்கார்ந்து கல்யாணம் முடித்துக்கொண்டவனே மறுநாள் "முஸ்லிம் கடையில் வாங்காதே" என்று யாரோ கைப்பேசியில் அனுப்பியதை நாலு பேருக்கு அனுப்புகிறான் என்றால், உட்கார்ந்த இடமாவது அவனுக்குச் சுடவேண்டாமா?

நம் ஈரோட்டுக்குப் பக்கத்துப் பவானி ஜமக்காளத்தையும் பாருங்கள். ஜமக்காளம் கைத்தறிக்கென்று 1985-ம் வருஷத்துச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட சரக்கு. இருந்தும் வெளி மாகாணத்து விசைத்தறிச் சரக்கைப் பவானி என்று சொல்லி விற்கிறார்கள் என்பது அங்குள்ள நெசவாளர்களின் வெகுநாளைய புகார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அதிலும் ஊருக்குத்தான் பெயர் வந்ததே ஒழிய, வனைந்தவருக்குப் பெயர் வரவில்லை.

ஜாதி பார்த்து வாங்குவதா?

இப்படிச் சொன்னால் உடனே ஒரு அறிவாளி எழுந்து, "நீங்கள் ஜாதி ஒழியவேண்டும் என்கிறீர்கள். இப்போது ஆதிதிராவிடர் பட்டறையில் வாங்கு, முஸ்லிம் பெண் நெய்ததை வாங்கு, குறவர் கட்டியதை வாங்கு என்றால் அது ஜாதி பார்ப்பதாகாதா?" என்று கேட்பார்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1928-ல் முத்தையா முதலியார் மந்திரியாக இருந்து வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். அதுவரையில் எல்லா உத்தியோகமும் ஒரே ஜாதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவர்கள் கண்ணுக்கு ஜாதி தெரியவில்லை. மற்றவனுக்கும் பங்கு என்றவுடனே ஜாதி தெரிந்துவிட்டது. அதுபோலவே இன்றும், கடை ஒரு ஜாதியிடம், கொட்டகை ஒரு ஜாதியிடம், லாபம் ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம் என்று இருக்கிறவரையில் அது வியாபாரம். கொட்டகைக்காரனும் கடை வைக்கட்டும் என்றால் அது ஜாதியா? பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் பங்கு கேட்டோம், ஓரளவு பெற்றோம். கடைத்தெருவில் கேட்க மறந்துவிட்டோம். அதைத்தான் இப்போது கேட்கிறோம்.

மற்ற தேசங்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1930-களில் சிக்காகோவிலும் நியூயார்க்கின் ஹார்லத்திலும் நீக்ரோ மக்கள், தங்களுக்கு வேலை கொடுக்க மறுக்கிற கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குவதில்லை என்று கடை வாசலில் மறியல் செய்தார்கள். 2020-ல் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பர் போலீஸ்காரனின் முழங்காலுக்கடியில் மாண்ட பிறகு, ஆரோரா ஜேம்ஸ் என்ற பெண்மணி, பெரிய கடைகள் தங்கள் அலமாரித் தட்டில் நூற்றுக்கு 15 பங்கைக் கறுப்பர்கள் சொந்தமாக நடத்தும் தொழில்களின் சரக்குக்கு ஒதுக்கவேண்டும் என்று ஒரு இயக்கம் துவக்கினார். அந்நாட்டு ஜனத்தொகையில் கறுப்பர்கள் ஏறத்தாழ அவ்வளவு என்பதே கணக்கு. நாற்காலி, கட்டில் விற்கிற கடைகளும் அதில் சேர்ந்தன. இது என்ன? நம்முடைய வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தைக் கடைத்தட்டில் வைத்ததுதானே!

நம் தேசத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 2015-ல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை கடுமையாக்கப்பட்டு, பசு பக்தியின் பெயரால் தோல் தொழிலாளர்கள் வயிற்றில் அடித்தார்கள். சுதீர் ராஜ்பர் என்ற மும்பைக் கலைஞர், அப்படி வேலை இழந்த தாழ்த்தப்பட்ட, முஸ்லிம் கைவினைஞர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதில் பழைய டயர், டியூப் ரப்பரில் பைகளும், பிறகு நாற்காலிகளும் செய்யத் துவங்கினார். அந்தத் தொழிலுக்கு அவர் வைத்த பெயர் சமார் ஸ்டூடியோ. "சமார்" என்பது வடநாட்டில் தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட ஜாதியின் பெயர். இழிவுபடுத்தும் எண்ணத்தோடு ஒருவரை அப்படி அழைப்பது குற்றமாகும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லும் அளவுக்கு அது வசவாக ஆகிவிட்ட சொல். அந்தச் சொல்லையே அவர் பெயர்ப்பலகையில் ஏற்றினார். 2024-ல் அமெரிக்காவின் மயாமி நகரத்தில் நடந்த பெரிய வடிவமைப்புக் கண்காட்சியில் அந்த நாற்காலிகள் இடம் பெற்றன. மயாமிக்குப் போகிற பெயர் பொன்மலைக் கடைத்தெருவுக்கு வரமுடியவில்லை என்றால் குற்றம் பெயரிலா, கடைத்தெருவிலா?

குலத்தொழில் வேறு, கைத்தொழில் வேறு

இன்னொரு சந்தேகம் நம் தோழர்களுக்கே வரக்கூடும். "குயவன் பானை செய்யட்டும், பாய்க்காரர் பாய் நெய்யட்டும், நாம் வாங்கிக்கொண்டே இருப்போம் என்றால் அது குலத்தொழிலை வளர்ப்பதாகாதா? 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியைப் பெரியார் எதிர்த்தாரே, 1954-ல் காமராசர் அதை எடுத்தெறிந்தாரே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவசியம் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

பானை வனைவதில் இழிவு இல்லை. குயவன் மகன் என்பதற்காகப் பானைதான் வனையவேண்டும் என்பதில் இழிவு இருக்கிறது. வக்கீல் மகள் ஆசைப்பட்டுச் சக்கரத்தில் உட்கார்ந்தால் அது கலை என்கிறார்கள். பல ஊர்களில் குயவர் வீட்டுப் பெண்ணையே சக்கரத்தில் உட்காரவிடுவதில்லை. களிமண் பிசைய அவள் வேண்டும், சுமந்து விற்க அவள் வேண்டும், சக்கரம் மட்டும் ஆகாதாம். இதெல்லாம் ஒழிய வேண்டும். தொழில் யாருக்கும் திறந்திருக்க வேண்டும். யாரையும் பூட்டி வைக்கக்கூடாது. நாம் சொன்ன தச்சுத் தோழர் அதற்கு ஓர் அத்தாட்சி. அவர் ஆசாரி வீட்டில் பிறக்கவில்லை. பள்ளியில் கற்றார். அவர் இழைத்த பலகை, பரம்பரையாக இழைத்தவர் பலகைக்கு ஒரு நூலளவும் குறையவில்லை.

மத்திய அரசாங்கம் 2023 செப்டம்பரில் விசுவகர்மா பெயரில் ஒரு திட்டம் துவக்கிற்று. 18 தொழில்களுக்குக் கடன் உண்டு. ஆனால் குடும்பப் பாரம்பரியமாக அந்தத் தொழிலைச் செய்துவரவேண்டும் என்ற நிபந்தனையும், 18 வயதுப் பிள்ளையையே அதில் இழுக்கிற ஏற்பாடும் இருந்தன. தமிழ்நாடு அரசு அதை அந்த உருவில் ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் துவக்கியது. 25 தொழில்கள், 3 லட்ச ரூபாய் வரை கடன், அதில் நூற்றுக்கு 25, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 18 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கல்லூரி இருக்கிறது! படிக்கவேண்டிய வயதில் பிள்ளை கையில் உளியைக் கொடுக்கிறதற்கும், தொழிலில் ஏற்கனவே இருக்கிற பெரியவனுக்கு மூலதனம் கொடுக்கிறதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இன்றியும், ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் சொந்தமாகத் தொழில் துவக்க நூற்றுக்கு 35 பங்கு மூலதன மானியத்தோடு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-ல் வந்தது. நாம் பார்த்த தோழருக்கு இந்த விவரம் தெரியாது. அவருக்குத் தெரியாதது அவர் குற்றமா, மேடை போட்டு ஊர் ஊராகப் பேசுகிற நம்முடைய குற்றமா?

அரசாங்கமும் ஒரு வாடிக்கைக்காரன்

பொன்மலைத் தோழர்களுக்கு ஒரு விசேஷ வார்த்தை. நாற்காலி, மேஜை அதிகம் வாங்குகிறவர் யார்? அரசாங்கம்தான். மத்திய அரசாங்க இலாகாக்களும் நிறுவனங்களும் தாங்கள் வாங்குகிற சரக்கில் நூற்றுக்கு 20 பங்கைச் சிறு தொழில்களிடம் வாங்கவேண்டும் என்று 2012-ல் உத்தரவு வந்தது. 2018-ல் அது 25 ஆயிற்று. அதில் 4 பங்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர் சொந்தமாக நடத்தும் தொழில்களிடமும், 3 பங்கு பெண்கள் சொந்தமாக நடத்தும் தொழில்களிடமும் வாங்கவேண்டும். அந்த 4 பங்கை எட்டாமலேயே வருஷங்கள் ஓடின. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதுமா? கேட்கிறவன் இருந்தால்தான் உத்தரவுக்கு உயிர். ரயில்வேயும் மத்திய அரசாங்க இலாகாதான். 1946 செப்டம்பர் 5-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிர் கொடுத்த ஊர் இது. கூலிக்காக மார்பைக் காட்டிய ஊரில், "இந்த இலாகா நாற்காலியை யாரிடம் வாங்குகிறது?" என்று ஒரு காகிதம் எழுதிக் கேட்கக்கூடவா நமக்குத் தெம்பில்லை?

வாங்கும் விதம்

கடைசியாக, எப்படி வாங்குவது என்று சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, தர்மத்துக்கு வாங்காதீர்கள். "பாவம், ஏழை" என்று மோசமான சாமானை வாங்கி மூலையில் போடுவது அவனுக்கும் அவமானம், உங்களுக்கும் நஷ்டம். பானையைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று வரவேண்டும். கட்டிலில் கழுந்தும் துளையும் இறுகப் பொருந்தியிருக்கிறதா, அல்லது ஆணி அடித்துப் பசை தடவி மூடியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தேக்கு என்று சொல்லி ஒட்டுப்பலகையில் தேக்குத் தாளை ஒட்டிக் கொடுக்கிறவன் எந்த ஜாதியானாலும் விடாதீர்கள். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைப் பழுது பார்த்துக் கொடுக்கிற ஊர்க்காரருக்குக் கட்டில் கால் சோதிக்கத் தெரியாதா?

இரண்டாவது, பேரத்தை இடம் மாற்றிச் செய்யுங்கள். நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டி விற்கிற கிழவியிடம் ஐந்து ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடுகிறோம். கண்ணாடிக் கடையில் 31,000 ரூபாய்ச் சீட்டைப் பார்த்து வாயைத் திறப்பதில்லை. இதற்குப் பெயர் சிக்கனமா? எளியவனைக் கண்டால் வருகிற வீரம் அது.

மூன்றாவது, முன்பணம் கொடுங்கள். பட்டறைக்காரர் கடைக்காரரிடம் சிக்குவது மரம் வாங்கக் கையில் பணம் இல்லாததால்தான். பாதிப் பணத்தை முன்னால் கொடுத்துப் பட்டறையிலேயே செய்யச் சொன்னால் அவருக்கும் நல்ல விலை, உங்களுக்கும் மலிவு. நேராகப் போக முடியாதவர்களுக்குச் சிங்காரத்தோப்பில் பூம்புகார் இருக்கிறது. கூட்டுறவுக் கைத்தறிக் கடைகள் இருக்கின்றன. மகளிர் குழுக்கள் விற்கிற இடங்கள் இருக்கின்றன. பத்தமடைக்குப் போக முடியாவிட்டால் காவிரிக் கரையில் முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய் நம் ஜில்லாச் சரக்கு.

நான்காவது, வாஸ்து, நல்ல நேரம் என்கிற குப்பைகளை விடுங்கள். கட்டிலை எந்தத் திக்கில் போடுவது என்று ஜோசியனுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிறான். கட்டிலைச் செய்தவனுக்கு நூறு ரூபாய் குறைக்கிறான். காற்று வருகிற பக்கம் போட்டுப் படுத்தால் தூக்கம் வரும். இதற்குச் சாஸ்திரம் வேண்டியதில்லை.

ஐந்தாவது, இதுதான் முக்கியம், "இது யார் செய்தது?" என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். நாம் ஒருவர் கேட்டால் கடைக்காரருக்குக் கோபம் வரும். ஊரே கேட்டால் பதில் வரும்.

தோழர்களே! இந்த மணமக்கள் தங்கள் கட்டிலை அந்தத் தச்சுத் தோழரிடமே முன்பணம் கொடுத்துச் செய்துகொண்டார்கள். விலை 19,000 ரூபாய். இவர்களுக்கு 12,000 மிச்சம். அவருக்கு 5,000 அதிகம். மணமகள் ஒரு நிபந்தனை வைத்தார்: "கட்டிலில் உங்கள் பெயரைச் சூடு போட்டுக் கொடுக்கவேண்டும்." அவர் வெகுநேரம் தயங்கி, கட்டிலின் அடிப்பக்கத்துச் சட்டத்தில், குனிந்தால் மாத்திரம் தெரிகிற இடத்தில், சிறிய எழுத்தில் போட்டுக் கொடுத்தார்.

அவருடைய பெயரை இந்த மேடையில் சொல்லி உங்கள் கைத்தட்டலை வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று நமக்கு ஆசை. உத்தரவு கேட்டோம். "வேண்டாம் ஐயா, கடைக்காரர் ஆர்டர் நின்றுவிடும். நான்கு குடும்பம் இருக்கிறது" என்றார். ஆகவே சொல்லவில்லை. பத்திரிகையிலும் அந்த இடம் காலியாகவே இருக்கும். ஒரு நல்ல கட்டில் செய்தவர் பெயரை, தொழிலாளர் நிறைந்த பொன்மலையில், சுயமரியாதைக்காரன் மேடையிலிருந்து சொல்ல முடியவில்லை என்றால், நாம் செய்யவேண்டிய வேலை இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை நீங்களே அளந்து கொள்ளுங்கள்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிற அந்தப் பெயர் கடை வாசலுக்கு வரவேண்டும். இந்த வருஷம் கல்யாணம் செய்கிற பத்துக் குடும்பம் நேராகப் போய் வாங்கினால் அவருக்கு அந்தக் கடைக்காரர் தயவு தேவைப்படாது. வழி தெரிய வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் கேளுங்கள், அழைத்துப் போகிறோம்.

மணமக்கள் சமமாக உழைத்து, சமமாக வாழ்ந்து, தங்கள் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு சாமானும் யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்து வாழவேண்டும் என்று ஆசைப்பட்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.